சமரசப் பேச்சு முறிந்த மறுநாள் என்ன நடக்கிறது?

ஆரப்பாளையம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் சங்க வேலை செய்து வருகிறேன். எங்கள் பகுதி ஆலை ஒன்றில், போனஸ் கணக்கை எழுத்தில் காட்டுமாறு கேட்டு வாயிற்கூட்டம் நடத்தியதற்காகச் சில தொழிலாளர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். தகராறு தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் சென்றது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நிர்வாகத்தின் சார்பில் வேறு வேறு ஆள் வந்தார். வந்தவர் எவரும் "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. ஐப்பசியில் தொடங்கிய பேச்சு பங்குனி வரை இழுபட்டு, கடைசியில், பேச்சு முறிந்தது என்று அலுவலர் எழுதும் முறிவறிக்கையாக முடிந்தது. அதற்குள் நீக்கப்பட்டவர்களில் பலர் பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டத்தின் 12-ஆம் பிரிவு, சமரச நடவடிக்கை தொடங்கிய 14 நாட்களுக்குள் அலுவலர் அறிக்கை தர வேண்டும் என்றுதான் கூறியது. இருதரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் காலத்தை நீட்டிக்கலாம் என்றும் அதில் இருந்தது. அந்த நீட்டிப்புக்கு நாங்களும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தோம். முறிவறிக்கை போய்விட்டால் அதன்பிறகு நீதிமன்றத்தில் எத்தனை ஆண்டுகள் ஆகும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

அலுவலர் மீது எனக்குக் குறை இல்லை. அவர் பொறுமையாகவும் நேர்மையாகவும்தான் பேசினார். ஆனால் அவரிடம் பேச்சைத் தவிர வேறு எதுவும் இல்லை. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்திருந்தால் நிர்வாகம் இப்படி நடந்துகொண்டிருக்காது என்பது என் கருத்து. இளம் சங்க ஊழியர்களுக்கு அடுத்த மாதம் ஒரு வகுப்பு எடுக்க இருக்கிறோம். மற்ற நாடுகளில் இந்தச் சமரச ஏற்பாடு எப்படி நடக்கிறது, அங்கே முதலாளி வராமல் இருந்தால் அல்லது வந்தும் பேசாமல் இருந்தால் என்ன செய்கிறார்கள் என்பதை அறிந்தவர்கள் எழுத வேண்டும்.


திருநகர் எழுதியது:

தொழிலாளர் துறையில் சமரச அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தோழரின் மனக்குறை நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை.

தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கைக்கு வந்த பிறகு அந்த அலுவலர் சமரசம் பேசுகிறவராக இருக்க முடியாது. எதிரே அமர்ந்திருப்பவரே நாளை நமக்கு எதிராக எழுதப் போகிறவர் என்று தெரிந்தால், எந்த நிர்வாகி தம் கணக்கைத் திறந்து காட்டுவார்? எந்தச் சங்கத் தலைவர், "வெளியே பத்து என்று சொல்லியிருக்கிறோம், ஏழு கொடுத்தால் பேசி முடித்துவிடலாம்" என்று தனியே சொல்வார்? சமரசத்தின் உயிரே அந்தத் தனிப்பேச்சில் இருக்கிறது. இருதரப்பையும் சேர்த்து உட்காரவைத்துக் கோரிக்கைகளை ஒருமுறை கேட்டபின், தனித்தனியே அழைத்து, பஞ்சப்படி எவ்வளவு, வேலைப்பளு எவ்வளவு, பக்கத்து ஆலையில் என்ன ஒப்பந்தம் என்று எண்களை வைத்துப் பேசிப் பேசித்தான் இடைவெளி குறைகிறது. சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது இரண்டு தரப்பும் தத்தம் ஆட்களுக்காகப் பேசுகின்றன.

அலுவலரிடம் பேச்சைத் தவிர எதுவும் இல்லை என்பதும் முழு உண்மை ஆகாது. அவர் முன்னிலையில் கையெழுத்தாகும் 12(3) ஒப்பந்தம், 18(3)-ஆம் பிரிவின்படி அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும், பின்னால் வேலைக்குச் சேரப்போகிறவர்களையும்கூடக் கட்டுப்படுத்தியது. அவருக்கு வெளியே இரு தரப்பும் தாமாகப் போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. பல சங்கங்கள் உள்ள ஓர் ஆலையில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைத் தோழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சமரசம் நடக்கும் காலத்தில், தகராறுக்குள்ளான விஷயத்தில் வேலை நிலைமைகளைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று 33-ஆம் பிரிவும் இருந்தது. ஒப்பந்தப்படி பணம் வரவில்லை என்றால், நிலவரிப் பாக்கி போல மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்க 33சி-யும் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வி.வி.கிரி மத்திய தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது, கட்டாயத் தீர்ப்பு முறை சங்கங்களின் பேரம் பேசும் பலத்தைக் கரைத்துவிடும் என்று வலியுறுத்தி வந்தார். வங்கி ஊழியர் தீர்ப்பாயத்தின் ஊதிய முடிவை அரசு மாற்றியதை எதிர்த்து 1954-இல் பதவியை விட்டு விலகியவரும் அவர்தான். தொழிலாளர் பக்கம் நின்ற ஒருவர் ஏன் தீர்ப்பை விடப் பேச்சையே நம்பினார் என்பதை உங்கள் வகுப்பில் அவசியம் பேசுங்கள்.


சிம்மக்கல் வழக்கறிஞர் எழுதியது:

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும் என்று நினைக்கிறேன். சமரச அலுவலருக்கு என்ன அதிகாரம் என்பதைவிட, பேச்சு முறிந்த மறுநாள் என்ன நடக்கும் என்பதே அந்தப் பேச்சின் போக்கைத் தீர்மானிக்கிறது. முறிவுக்குப் பிறகு எதுவும் விரைவாக நடக்காது என்று நிர்வாகத்துக்குத் தெரிந்தால், இழுத்தடிப்பதே அதற்கு லாபம். முறிந்தால் அடுத்த சில வாரங்களில் கட்டாயமாக ஒரு முடிவு வரும் என்றால், முதல் நாளே முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஆளை அனுப்புவார்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி முடிந்தபின் 1995-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் உறவுகள் சட்டம், சமரசம், மத்தியஸ்தம், நடுவர் தீர்ப்பு ஆகியவற்றுக்கென்று சி.சி.எம்.ஏ. என்ற ஆணையத்தை அமைத்தது. 1996 நவம்பரில் அது செயல்படத் தொடங்கியது. அரசுப் பணத்தில் நடந்தாலும் அது அரசுத் துறையின் கிளை இல்லை. அதன் ஆட்சிக்குழுவில் தொழிலாளர், முதலாளி, அரசு ஆகிய மூன்று தரப்பும் இருக்கின்றன. பணிநீக்கம் செய்யப்பட்டவர் 30 நாட்களுக்குள் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும். கட்டணம் இல்லை. அடுத்த 30 நாட்களுக்குள் சமரசப் பேச்சு. அதில் வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. என் தொழிலுக்கு எதிராக நானே சொல்வதாகத் தோன்றலாம், இருந்தாலும் அது நல்ல விதி என்றே கருதுகிறேன். பேச்சு முறிந்தால், பல வழக்குகளில் அதே நாளில் அதே இடத்தில் நடுவர் விசாரணை தொடங்கிவிடும். அந்தத் தீர்ப்புக்குச் சான்று பெற்றால் நீதிமன்ற ஆணையைப் போலவே நிறைவேற்றலாம். முதலாளி வராமல் இருந்தாலும் விசாரணை நடக்கும், தீர்ப்பும் வரும். தோழர் கேட்ட கேள்விக்கு அங்கே உள்ள விடை இதுதான்.

திருநகர் ஐயா எழுப்பிய ஆட்சேபம் இந்த ஏற்பாட்டுக்கும் பொருந்தும். காலையில் சமரசம் பேசியவரே மாலையில் தீர்ப்பு எழுதினால் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்ற விமர்சனம் அந்த நாட்டிலேயே இருக்கிறது.

ஜெர்மனி வேறு வழியில் போனது. அங்கே பணிநீக்கத்தை எதிர்ப்பவர் மூன்று வாரங்களுக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாக வேண்டும். வழக்கு வந்ததும் முதலில் நடப்பது சமரச அமர்வு. தலைமை நீதிபதி ஒருவர் மட்டும் அமர்ந்து, வழக்கில் யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளிப்படையாகவே சொல்லிப் பேசுகிறார். பணிநீக்க வழக்குகளில் அது இரண்டு வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்பது சட்டம். சமரசமாக முடிந்தால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. பெரும்பாலானவை தீர்ப்பு வரை போவதே இல்லை.

நம் ஊரில், தனிநபர் பணிநீக்கத்துக்கு, தகராறை நீதிமன்றத்துக்கு அனுப்பும் அரசின் பரிந்துரைக்காகக் காத்திராமல் நேரே தொழிலாளர் நீதிமன்றம் செல்லும் வழியைத் தமிழ்நாடு 1988-இலேயே தன் திருத்தச் சட்டத்தால் திறந்துவிட்டது. மத்தியச் சட்டத்தில் அது 2010-இல்தான் வந்தது. வழி திறந்திருந்தும் அந்த வழியில் நடக்க ஆண்டுக்கணக்காகிறது என்பதே நம் சிக்கல்.


கப்பலூர்ச் சிறுதொழில் எழுதியது:

முதலாளிகள் பக்கத்திலிருந்தும் ஒருவர் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சிறிய பட்டறை நடத்துகிறேன். ஆள் மாற்றி ஆள் அனுப்புவதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதன் பின்னால் எப்போதும் சூழ்ச்சிதான் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். சமரசப் பேச்சில் "இவ்வளவு கொடுக்கத் தயார்" என்று ஒரு வார்த்தை விட்டால், அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறி, பின்னர் நீதிமன்றத்தில் "அன்றைக்கே ஒப்புக்கொண்டார்" என்று படிக்கப்படும் என்ற பயம் சிறு முதலாளிகளுக்கு உண்டு. அந்தப் பயத்தில்தான் வாய் பூட்டப்படுகிறது.

இங்கிலாந்தில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். 1974-இல் தொடங்கப்பட்ட ஏகாஸ் என்ற அமைப்பு, அடுத்த ஆண்டின் சட்டத்தால் தன்னாட்சி பெற்றது. அமைச்சர் சொல்வதைக் கேட்டுச் சமரசம் பேச வேண்டிய நிலை அதற்கு இல்லை. தனிநபர் வழக்குகளில் அதன் சமரசகரிடம் சொன்ன எதையும், சொன்னவர் சம்மதம் இல்லாமல் தீர்ப்பாயத்தில் சான்றாகக் காட்ட முடியாது. 2014 முதல், தீர்ப்பாயத்துக்குப் போக விரும்புகிறவர் அநேகமாக எல்லா வழக்குகளிலும் முதலில் ஏகாஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிப்பதுதான் கட்டாயம், பேச்சுக்கு வருவது இருதரப்பின் விருப்பம். பெரும்பாலும் தொலைபேசியிலேயே பேசி முடிக்கிறார்கள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஊருக்குள் வந்து, அலுவலக வராந்தாவில் அரை நாள் உட்கார வேண்டியதில்லை என்பது எனக்கும் என்னிடம் வேலை செய்கிறவருக்கும் ஒரே மாதிரி நன்மை.

கூலி உயர்வு போன்ற விஷயங்களில் கட்டாயத் தீர்ப்பு வருவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பணிநீக்கம் சரியா தவறா என்பதை வெளியாள் ஒருவர் விசாரித்துச் சொல்லலாம். அடுத்த மூன்றாண்டுக்கு என்ன கூலி கொடுத்தால் பட்டறை நிற்கும் என்பதை, பட்டறைக்குள் இருப்பவர்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். இந்த வகையில் அமெரிக்க முறையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. நம் தொழிற்தகராறு சட்டம் வந்த அதே 1947-இல் அங்கே கூட்டாட்சி மத்தியஸ்த, சமரச சேவை என்ற தனி அமைப்பை உருவாக்கினார்கள். நடப்பு ஒப்பந்தத்தை மாற்ற விரும்பும் தரப்பு 60 நாட்களுக்கு முன்பே மறுதரப்புக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து 30 நாட்களுக்குள் அந்தச் சேவைக்கும் தெரிவிக்க வேண்டும். சண்டை மூண்ட பிறகு ஓடி வருவதற்குப் பதிலாக, ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே மத்தியஸ்தருக்குத் தகவல் போய்விடுகிறது. 2025 மார்ச்சில் அந்நாட்டு அதிபரின் ஆணையால் அந்த அமைப்பின் ஊழியர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பிறகு நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது வருந்தத்தக்கது. இத்தனை ஆண்டு நம்பிக்கையை ஒரே ஆணையில் ஆட்டிவிட முடிந்திருக்கிறது.


மானாமதுரை எழுதியது:

சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே என் மிகைநேரக் கூலியைக் கணக்கில் குறைத்துவிட்டார்கள். தங்கும் விடுதியில் இருந்த ஓர் அண்ணன் சொல்லித்தான் முத்தரப்புத் தகராறு மேலாண்மைக் கூட்டமைப்பு என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. 2017 ஏப்ரலில் அதைத் தொடங்கியிருக்கிறார்கள். மனிதவள அமைச்சு, தொழிற்சங்கக் காங்கிரஸ், முதலாளிகள் சம்மேளனம் மூன்றும் சேர்ந்தது. சம்பளத் தகராறு எதுவானாலும் முதலில் அங்கே மத்தியஸ்தம் பேச வேண்டும். தீராவிட்டால்தான் வேலை தொடர்பான கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இரண்டு இடத்திலும் வழக்கறிஞர் கிடையாது. தொடங்கியபோது 20,000 வெள்ளி வரை கோரலாம், சங்கத்தின் வழியாக வந்தால் 30,000 வரை என்று வரம்பு வைத்திருந்தார்கள்.

என் வழக்கில் மத்தியஸ்தர் சம்பளச் சீட்டையும், நான் சிறு நோட்டில் எழுதிவைத்திருந்த வேலை நேரத்தையும் அருகருகே வைத்துக் கேட்டார். தமிழில் விளக்கவும் ஆள் இருந்தார். முழுத்தொகை கிடைக்கவில்லை, பெரும்பகுதி கிடைத்தது. பேசி முடித்ததை நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்றும், பணம் வராவிட்டால் அதை வைத்தே வசூலிக்கலாம் என்றும் சொன்னார்கள். அந்தத் தைரியம் பெரிது.

ஆனால் சொல்ல வேண்டிய மறுபக்கமும் இருக்கிறது. என்னோடு அதே கூலி குறைந்த பலர் புகார் கொடுக்க வரவில்லை. வேலை அனுமதிச் சீட்டு முதலாளியின் கையில் இருக்கிறது, ஊரில் முகவருக்குக் கொடுத்த கடன் இன்னும் அடையவில்லை. அப்படி இருக்கும்போது எவ்வளவு நல்ல மத்தியஸ்தர் இருந்தாலும் அவர் முன்னால் போய் நிற்க மனம் வராது. இப்போது துபாயில் இருக்கும் என் தம்பி சொல்கிறான்: 2024 சனவரி முதல் அங்கே 50,000 திர்ஹாமுக்கு உட்பட்ட கோரிக்கைகளில், சமரசம் நடக்காவிட்டால் அமைச்சகமே முடிவு சொல்லிவிடலாமாம்; ஏற்காதவர் நீதிமன்றம் போகலாம். அங்கே சங்கமே கிடையாது என்பதையும் அவன் சேர்த்துச் சொன்னான்.


ஆரப்பாளையம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வழக்கறிஞர் அம்மா கேள்வியை நகர்த்தியது சரி. பணிநீக்கத்துக்கும் கூலி உயர்வுக்கும் ஒரே ஏற்பாடு பொருந்தாது என்று கப்பலூர் அண்ணன் சொன்னதையும் ஏற்கிறேன். மானாமதுரைத் தம்பி எழுதியதிலிருந்து நான் மேலே ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பேச்சில் யார் வந்து உட்காருகிறார்கள்?

எங்கள் நூற்பாலைகளில் நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைகிறது. ஒப்பந்தக்காரர் வழியாக வருகிறவர்கள், விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஆகியோரே இன்றைக்கு ஆலையை ஓட்டுகிறார்கள். 12(3) ஒப்பந்தம் அவர்களுக்கும் பொருந்தும் என்று காகிதத்தில் வாதாடலாம். ஒப்பந்தம் பேசும்போது அவர்கள் தரப்பில் யாரும் இல்லை என்பதே நடப்பு.

பக்கத்தில் திண்டுக்கல்லிலேயே இதற்கு ஒரு மறுமொழி கிடைத்திருக்கிறது. 2021-இல் ஓர் ஆடை ஆலையின் பெண் தொழிலாளி கொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் சங்கம், ஏற்றுமதி நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் போன்ற வாங்கும் நிறுவனங்களோடும் 2022-இல் செய்துகொண்டது திண்டுக்கல் ஒப்பந்தம். வேலைத்தளத்திலேயே கண்காணிக்கப் பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். புகாரை ஆலைக்கு வெளியே உள்ள சுயேச்சையான ஆட்கள் விசாரிக்க வழி இருக்கிறது. நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால் வாங்குகிறவர்கள் வணிகத்தின் மூலம் அழுத்தம் தர வேண்டும். முறிந்த மறுநாள் என்ன என்று வழக்கறிஞர் அம்மா கேட்டதற்கு அங்கே உள்ள விடை ஏற்றுமதி ஆர்டர்.

தென்னாப்பிரிக்க ஆணையத்தைப் பற்றிப் படித்தபோது மரிகானா சுரங்கமும் கண்ணில் பட்டது. 2012 ஆகஸ்டு 16-ஆம் நாள் வேலைநிறுத்தத்தில் இருந்த 34 தொழிலாளர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. பாறை துளைக்கும் தொழிலாளர்கள் மாதம் 12,500 ரேண்டு கேட்டார்கள். தங்களுக்காகப் பேச அங்கீகாரம் பெற்ற சங்கத்தை அவர்களே நம்பவில்லை. அவ்வளவு நல்ல சட்டம் இருந்த நாட்டில், பேச வேண்டியவர்கள் அந்தச் சட்டம் சொன்ன பேச்சுக்கு வெளியே நின்றார்கள்.


திருநகர் எழுதியது:

தோழர் தொட்ட இடம் மிக முக்கியமானது. நான் பணியில் இருந்தபோது முறிந்த பேச்சுகளை நினைத்துப் பார்த்தால், தொகையில் முறிந்தவற்றைவிட "இவரோடு பேச மாட்டேன்" என்பதில் முறிந்தவையே அதிகம்.

2024-இல் திருப்பெரும்புதூர் சாம்சங் ஆலையில் நடந்ததை எல்லோரும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். செப்டம்பர் 9-ஆம் நாள் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் மையமே சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதுதான். அக்டோபர் 7-ஆம் நாள் அமைச்சர்கள் முன்னிலையில் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரோடு உடன்பாடு கையெழுத்தானது, சலுகைகளும் அறிவிக்கப்பட்டன. இருந்தும் வேலைநிறுத்தம் நிற்கவில்லை, ஏனெனில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் சங்கம் அந்தப் பேச்சில் இல்லை. பின்னர் தொழிலாளர் துறையின் சமரசப் பேச்சில் அதே மாதம் 15-ஆம் நாள்தான் அது முடிவுக்கு வந்தது. வெளியே இருப்பவர்களோடு செய்யாத உடன்பாடு அவர்களை உள்ளே கொண்டுவராது.

அதற்கு முன் 2018 சனவரியில் அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் அப்படித்தான். பழைய ஊதியத்தைப் பெருக்கிப் புதிய ஊதியத்தைக் கணக்கிடும் ஊதியப் பெருக்குக் காரணி 2.44 என்று சில சங்கங்கள் கையெழுத்திட்டன, 2.57 கேட்ட சங்கங்கள் பேருந்துகளை நிறுத்தின. பொங்கலுக்கு முந்தைய வாரம் மாட்டுத்தாவணியும் ஆரப்பாளையம் நிலையமும் எப்படித் தவித்தன என்பதை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடைசியில் உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நடுவராக அமர்த்தி, அந்த இடைவெளியை அவர் பார்க்கட்டும் என்றபின்தான் பேருந்துகள் ஓடின. அரசே முதலாளியாக இருக்கும் தகராறில் அரசு அலுவலர் சமரசம் பேசினால், அவர் எவ்வளவு நேர்மையானவரானாலும் ஐயம் எழும். இதனால்தான் தன்னாட்சி அமைப்பு வேண்டும் என்ற வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். அரசுத் துறைக்கு ஒரு பலம் இருக்கிறது: அழைப்பாணை அனுப்பினால் ஆள் வருவார். அந்த அழைக்கும் அதிகாரத்தைத் தன்னாட்சி அமைப்புக்கும் சட்டத்திலேயே கொடுத்துவிடலாம்.

மத்தியஸ்தரால் எல்லாம் முடியும் என்று எண்ணிவிடவும் கூடாது. சுவீடனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இல்லை; பத்தில் ஒன்பது தொழிலாளர்கள் கூட்டு ஒப்பந்தங்களுக்குள் வருகிறார்கள்; 2000-இல் அமைக்கப்பட்ட தேசிய மத்தியஸ்த அலுவலகம் அறிவிக்கப்பட்ட போராட்டத்தை 14 நாள் வரை தள்ளிவைக்கலாம். அப்படிப்பட்ட நாட்டில், 2023 அக்டோபரில் டெஸ்லா பணிமனைகளில் தொடங்கிய வேலைநிறுத்தம் மத்தியஸ்தர்கள் முயன்றும் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கூட்டு ஒப்பந்தமே வேண்டாம் என்கிற ஒரு தரப்பிடம் எந்த எண்ணை வைத்துப் பேசுவது?


சிம்மக்கல் வழக்கறிஞர் எழுதியது:

இப்போது நம் சட்டம் மாறியிருப்பதையும் இங்கே வைக்க வேண்டும். 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி சமரச அலுவலர் 45 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். வேலைநிறுத்த அறிவிப்பு வந்த தகராறானால் 14 நாட்கள். சமரசம் முறிந்தால் எந்தத் தரப்பும் 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்கு நேரே விண்ணப்பிக்கலாம். கூட்டுத் தகராறுகளிலும் அரசின் பரிந்துரைக்குக் கைகட்டிக் காத்திருந்த நிலை போய்விட்டது என்பதை மனமார வரவேற்கிறேன்.

வரவேற்க முடியாததும் அதே தொகுப்பில் இருக்கிறது. முன்பு பொதுப்பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த 14 நாள் முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழில்களுக்கும் வந்துவிட்டது. சமரசம் நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாள் வரையிலும் எங்கும் வேலைநிறுத்தம் கூடாது. தீர்ப்பாயத்துக்குப் போனால் அங்கே வழக்கு நடக்கும் காலமும் அதன்பின் 60 நாட்களும் கூடாது. ஒரு தரப்பு நேரே தீர்ப்பாயத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டால் மறுதரப்பின் வேலைநிறுத்த உரிமை சட்டப்படி பூட்டப்பட்டுவிடும் நிலை இது. சமரசத்தை மதிப்பவள் என்ற முறையிலேயே இதை எதிர்க்கிறேன். தென்னாப்பிரிக்காவில் கூலித் தகராறு 30 நாளில் தீரவில்லை என்றால், 48 மணி நேர முன்னறிவிப்போடு சட்டப் பாதுகாப்புள்ள வேலைநிறுத்தத்துக்குப் போகலாம். அந்த உரிமை கண்முன் இருப்பதால்தான் அங்கே முதலாளி 30 நாளைக்குள் பேசுகிறார். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1951-ஆம் ஆண்டின் 92-ஆம் எண் பரிந்துரை, சமரசம் நடக்கும்போது வேலைநிறுத்தத்தையும் கதவடைப்பையும் தவிர்க்குமாறு இருதரப்பையும் ஊக்குவிக்கச் சொல்கிறது. வேலைநிறுத்த உரிமையை எவ்வகையிலும் கட்டுப்படுத்துவதாக அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது என்றும் அதுவே சொல்கிறது. சமரசம் இலவசமாகவும் விரைவாகவும் நடக்க வேண்டும் என்பதும் அதில் உள்ளதுதான்.

தனிநபர் வழக்குகளுக்கு எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானில் 2006 ஏப்ரலில் தொடங்கிய தொழிலாளர் தீர்ப்பாய முறை. ஒரு நீதிபதி, தொழிலாளர் பக்க அனுபவம் உள்ள ஒருவர், நிர்வாக அனுபவம் உள்ள ஒருவர் என மூவர் அமர்கிறார்கள். மொத்தம் மூன்று அமர்வுகளுக்குள் முடித்தாக வேண்டும். முதல் அமர்விலேயே உண்மைகளைக் கேட்டுவிட்டுச் சமரசம் பேசுகிறார்கள். ஏறத்தாழ பத்தில் ஏழு வழக்குகள் அங்கேயே சமரசமாகிவிடுகின்றன. மீதிக்குத் தீர்வு எழுதுகிறார்கள். அதை ஏற்காத தரப்பு இரண்டு வாரத்தில் ஆட்சேபித்தால் வழக்கு முறையான நீதிமன்றத்துக்குப் போகிறது. மதுரையில் நாளைக்கே செய்யத் தடையில்லாத ஏற்பாடு இது என்பது என் உறுதியான எண்ணம்; வேண்டியது மூன்று நாற்காலியும் நாள் தவறாத அமர்வும்தான்.


கப்பலூர்ச் சிறுதொழில் எழுதியது:

பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் ஒரு யோசனையை மட்டும் சொல்கிறேன். சமரசத்துக்கு வருகிறவர், "இந்தத் தகராறில் முடிவெடுக்க இவருக்கு முழு அதிகாரம் உண்டு" என்று உரிமையாளர் அல்லது இயக்குநர் கையெழுத்திட்ட கடிதத்தை முதல் அமர்விலேயே கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். சங்கத் தரப்பும் பொதுக்குழுத் தீர்மானத்தோடு வரட்டும். எங்கள் பேட்டையின் சங்கக் கூட்டத்தில் இதை நான் பேசுகிறேன். கடிதம் இல்லாமல் வந்தால் அதை அலுவலர் அறிக்கையில் பதிவு செய்யட்டும். தீர்ப்பாயத்தில் அந்தப் பதிவு பேசும்.


ஆரப்பாளையம் எழுதியது:

அண்ணன் சொன்ன அதிகாரக் கடிதத்தை எங்கள் கோரிக்கை மனுவின் முதல் வரியாகச் சேர்க்கிறோம். ஒப்பந்தத் தொழிலாளரில் ஒருவரும் விடுதிப் பெண்களில் ஒருவரும் பேச்சுக்கு வரும் எங்கள் குழுவில் இருக்க வேண்டும் என்றும் செயற்குழுவில் முன்மொழியப் போகிறேன். வழக்கறிஞர் அம்மாவிடம் ஒரு கேள்வி: புதிய தொகுப்பில் 45 நாளை எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்? வகுப்பில் நிச்சயம் கேட்பார்கள்.


சிம்மக்கல் வழக்கறிஞர் எழுதியது:

இரண்டு 45 நாட்கள் இருக்கின்றன, அவற்றைக் கலந்துவிட வேண்டாம். பணிநீக்கம் செய்யப்பட்ட தனிநபர், சமரச அலுவலரிடம் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து 45 நாள் கழிந்ததும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பணிநீக்கத் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பழைய சட்டத்தில் அது மூன்று ஆண்டுகளாக இருந்தது. அலுவலர் அறிக்கை தருவதற்கான 45 நாளோ சமரச நடவடிக்கை தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்த தகராறில், அலுவலர் நடத்தும் முதல் அமர்வு நாளே தொடக்க நாள். முன்பு அறிவிப்பு அவர் கைக்கு வந்த நாளிலேயே தொடங்கிவிடும். ஆகவே முதல் அமர்வின் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தை நேரில் கொடுத்தால் இரண்டாம் படியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள், தபாலில் என்றால் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். நீட்டிப்புக் கேட்டு யார் தாளை நீட்டினாலும், காரணமும் அடுத்த தேதியும் அதில் எழுதப்பட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். திருப்பூருக்குப் போனவர்களின் தற்போதைய முகவரியையும் சேகரித்து வையுங்கள். உங்கள் வழக்கு பழைய சட்டத்தின்கீழ் எழுந்தது என்பதால், ஒவ்வொருவரின் பணிநீக்கத் தேதியையும் நான் தனித்தனியே பார்க்க வேண்டும். வகுப்பு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நானும் வருகிறேன்.